மன்றம் மாறியவர்கள் – 6: தலைச்சேரி வக்கீல்

1973 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டதையும், மூவரும் ராஜினாமா செய்துவிட்டு வெளியேறியதையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்த மூவரில் கே.எஸ். ஹெக்டே ஒரு காலத்தில் காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினர். அரசியலில் இருந்து வந்தவர் ஆட்சியாளர் பக்கம்தான் சாய்வார் என்ற பேச்சுக்கு, பதவியை விட்டு வெளியேறியே பதில் சொன்னார் அவர். ஆனாலும் பேச்சு அடங்கவில்லை. மூன்றே மாதத்தில், 1973 ஜூலை 17 அன்று, உச்ச நீதிமன்றத்தில் புதிதாக ஒருவர் பதவியேற்றபோது அது இன்னும் உரக்கக் கேட்டது. வந்தவர் இரண்டு மாநிலங்களின் சட்டமன்றங்களில் உட்கார்ந்தவர். கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். பெயர் வி.ஆர். கிருஷ்ணய்யர்.

நீதிபதிகளை நியமிக்கும்போது அவர்களுடைய சமூகப் பார்வையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்த மே மாதம்தான் மக்களவையில் வாதாடியிருந்தார் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். மாத இறுதியில் டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். ஆனால் கிருஷ்ணய்யரின் நியமனத்தை அந்தக் கொள்கையின் முதல் அறுவடையாகவே வழக்கறிஞர்கள் பார்த்தார்கள். பம்பாயில் எதிர்ப்பு பலமாக இருந்தது. எதிர்த்தவர்களில் சோலி சொராப்ஜியும் ஒருவர். பிற்காலத்தில் அவரே கிருஷ்ணய்யரை வாயாரப் புகழ்ந்தார் என்பது வேறு கதை.

எதிர்த்தவர்களின் பயம் முழுக்கப் பொய்யல்ல என்று எனக்குப் படுகிறது. கிருஷ்ணய்யர் தன் அரசியல் வாழ்க்கையை நீதிமன்ற வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டேதான் போனார். அது அவர் தீர்ப்புகளுக்கு எங்கே பலம் சேர்த்தது, எங்கே காலை வாரியது என்பதே இந்த வாரக் கதை.

*

பாலக்காட்டைச் சேர்ந்த வைத்தியநாதபுரம் அக்ரகாரத்துத் தமிழ்க் குடும்பம். நீதிமன்றப் பதிவின்படி பிறந்தது 1915 நவம்பர் 15. அப்பா ராமய்யர் மலபாரில் கிரிமினல் வக்கீல். பையன் பாலக்காடு விக்டோரியா கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைச் சட்டக் கல்லூரி என்று படித்துவிட்டு, 1930-களின் இறுதியில் தலைச்சேரி கோர்ட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அன்றைய வட மலபாரில் கிரிமினல் வக்கீலிடம் வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் விவசாயச் சங்கத்துக்காரர்கள், இல்லாவிட்டால் தொழிற்சங்கத்துக்காரர்கள். ஜன்மி நிலத்தில் குத்தகைக்கு உழுதவன், பீடி சுற்றியவன், கட்சி நோட்டீஸ் ஒட்டியவன் என்று எல்லாரும் ஏதாவதொரு வழக்கில் இருந்தார்கள். 1948-இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் பாதைக்குத் திரும்பியதும் மலபாரில் போலீஸ் கை ஓங்கியது. விசாரணை என்ற பெயரில் நடந்த சித்திரவதையை எதிர்த்துப் பேசிய கிருஷ்ணய்யரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்பதே குற்றச்சாட்டு. ஒரு மாதம் சிறை. இந்த ஒரு மாதத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றத்துக்குக் கைதியாகச் சிறை பார்த்துவிட்டு வந்த நீதிபதிகள் அதிகம் பேர் கிடையாது.

1952 பொதுத்தேர்தலில் கூத்துப்பறம்புத் தொகுதியில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால், மங்களூர் மெயிலைப் பிடித்துச் சென்னைக்கு வர வேண்டும். 375 உறுப்பினர்களுக்குக் கோட்டையில் இடம் போதாமல் அரசினர் தோட்டத்தில் புதிதாகக் கட்டிய மண்டபத்தில் அவை கூடிய காலம் அது. அந்த இடம்தான் பின்னாளில் கலைவாணர் அரங்கம் ஆனது. காங்கிரசுக்குக் கிடைத்தது 152 இடங்கள்தான். தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்கவும் அழைத்தார் ஆளுநர் ஸ்ரீபிரகாசா. ஆளுநர் என்ற பதவி நினைத்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதை எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களில் கூத்துப்பறம்பு உறுப்பினரும் ஒருவர்.

1956 நவம்பரில் மாநிலங்கள் மொழிவழியில் பிரிந்தன. மலபார் கேரளத்தோடு போனது. 1957 தேர்தலில் கம்யூனிஸ்ட் ஆதரவோடு தலைச்சேரியில் மறுபடியும் சுயேச்சையாக நின்று வென்றார் கிருஷ்ணய்யர். 126 இடங்களில் கட்சிக்கு 60. ஆதரவு தந்த சுயேச்சைகள் ஐவர். அந்த ஐவர் இல்லாமல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் ஆட்சியே இல்லை. பதினொரு பேர் கொண்ட அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம், பாசனம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத துறைகள் அவர் கைக்கு வந்தன.

சிறைக்குள் இருந்து வந்த மனிதரிடமே சிறைத்துறை. கைதிகளின் நிலையைத் திருத்தும் வேலையில் இறங்கினார். காசில்லாதவனுக்கு அரசுச் செலவில் வக்கீல் வைத்துக்கொடுக்கும் ஏற்பாட்டை விதியாக எழுதி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நாட்டில் வேறெங்கும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லாத காலம் அது. பாசன அமைச்சராக எதிரில் உட்கார வேண்டியிருந்ததோ பழைய சென்னை மாகாணத்தோடு. காமராஜோடு நடந்த நதிநீர்ப் பேச்சு சுமுகமாகவே முடிந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-இல்தான் என்றாலும், 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று அதில் எழுதியிருப்பது இந்தக் காலத்துப் பேச்சை மனதில் வைத்துத்தான். பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர்கள் இதை அறிவார்கள்.

நிலச் சட்டமும் கல்விச் சட்டமும் அந்த ஆட்சியை விழுங்கின. கல்வி மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தராமல் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். ஒரு மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா டெல்லியில் நீதிபதிகள் முன் பிரித்துப் போடப்படுவதைச் சட்ட அமைச்சராக இருந்து பார்த்தார் கிருஷ்ணய்யர். பிறகு அரசை எதிர்த்து விமோசன சமரம் என்ற ‘விடுதலைப் போராட்டம்’ வந்தது. 1959 ஜூலை 31 அன்று, சட்டமன்றத்தில் பெரும்பான்மை கலையாமல் இருக்கும்போதே, ஆளுநர் அறிக்கையை வைத்து 356-ஆவது பிரிவின் கீழ் அரசு கலைக்கப்பட்டது. ஆகஸ்டில் அமைச்சர் மறுபடி வக்கீல் அங்கியைப் போட்டுக்கொண்டார்.

1960 தேர்தலில் தலைச்சேரியில் சொற்ப வாக்குகளில் தோற்றதாக அறிவித்தார்கள். அவர் விடவில்லை. தேர்தல் வழக்குப் போட்டு, கள்ள ஓட்டுகளைக் கழிக்க வைத்து, தீர்ப்பாயத்தின் வழியாக அவைக்குள் நுழைந்தார். 1965-இல் மறுபடி நின்றார். இந்த முறை கணக்குக் கேட்க ஒன்றுமில்லாத தோல்வி. அதோடு தேர்தல் அரசியல் முடிந்தது.

*

1967-இல் ஈ.எம்.எஸ். மீண்டும் முதல்வரானார். அந்த நவம்பரில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில், நீதிபதிகள் வர்க்கச் சார்போடுதான் நடந்துகொள்கிறார்கள், பணக்காரனும் ஏழையும் முன்னால் நின்றால் பணக்காரன் பக்கமே சாய்கிறார்கள் என்ற பொருளில் பேசிவிட்டார். கேரள உயர் நீதிமன்றம் முதல்வரையே அவமதிப்பு வழக்கில் இழுத்து, 1968 பிப்ரவரியில் ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டது. உச்ச நீதிமன்றம் பிறகு அதை ஐம்பது ரூபாயாகக் குறைத்தது. இந்தச் சூடு ஆறுவதற்குள், 1968 ஜூலையில், அதே ஈ.எம்.எஸ். அமைச்சரவையின் முன்னாள் சட்ட அமைச்சர் அதே உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக வந்து உட்கார்ந்தார். எர்ணாகுளத்து பார் அசோசியேஷன் வராந்தாவில் அன்று என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

உயர் நீதிமன்றத்தில் மூன்று வருடம், அப்புறம் கஜேந்திரகட்கர் தலைமையிலான சட்ட ஆணையத்தில் உறுப்பினர். அங்கிருந்தபோதுதான் இலவசச் சட்ட உதவி பற்றிய குழுவுக்குத் தலைமை ஏற்று 1973 மே மாதம் அறிக்கை கொடுத்தார். தலைச்சேரி வக்கீலாகப் பார்த்தது, திருவனந்தபுரத்தில் அமைச்சராகச் செய்தது எல்லாம் அதில் இருந்தது. 1976-இல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்ந்ததற்கும், 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்ததற்கும் அந்த அறிக்கை ஒரு படி.

*

உச்ச நீதிமன்றத்துக்கு அவர் வந்த ஒரே வருடத்தில் ஷம்ஷேர் சிங் வழக்கு வந்தது. பஞ்சாபில் தகுதிகாண் பருவத்தில் இருந்த இரண்டு கீழமை நீதிபதிகளை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். உத்தரவு ஆளுநர் பெயரில். ஆளுநர் தாமே யோசித்து முடிவெடுத்திருக்க வேண்டும், அமைச்சர் எடுத்த முடிவு செல்லாது என்பது அவர்களின் வாதம். ஏழு நீதிபதிகள் கேட்டார்கள். 1974 ஆகஸ்டில், ஆளுநரும் குடியரசுத் தலைவரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டியவர்கள் என்று தீர்ப்பானது. நீதிபதி பகவதியையும் சேர்த்துக்கொண்டு கிருஷ்ணய்யர் தனியே ஒரு நீண்ட தீர்ப்பு எழுதினார். ஆளுநர் தன் விருப்பப்படி செயல்படக்கூடிய தருணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பது அதன் சாரம். முதல்வரைத் தேர்வது, பெரும்பான்மை போன பிறகும் விலக மறுக்கிற அரசை அனுப்புவது, அவையைக் கலைப்பது என்று அவற்றையும் சுட்டினார். அங்கும்கூட ஆளுநர் அரசியல் சண்டைக்குள் இறங்கக் கூடாது என்ற எச்சரிக்கை. பெரும்பான்மை இருக்கும்போதே ஆளுநரின் அறிக்கையால் பதவி இழந்த அமைச்சர் எழுதிய தீர்ப்பு இது என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது. ஆனால் எங்கேயும் 1959-இன் கசப்புத் தலைகாட்டவில்லை. பிரிட்டிஷ் முடியாட்சி வரலாற்றையும் நம் அரசியல் நிர்ணய சபை விவாதங்களையும் வைத்தே கட்டியிருக்கிறார்.

அடுத்த சோதனை 1975 ஜூன். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜகன்மோகன்லால் சின்ஹா ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றியைச் செல்லாதென்று அறிவித்து, ஆறு வருடம் தேர்தலில் நிற்கத் தகுதி இல்லை என்றும் சொல்லிவிட்டார். உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் கோகலே தொலைபேசியில் கூப்பிட்டு நேரில் சந்திக்க வேண்டும் என்றார். விஷயம் மேல்முறையீடு என்றால் சந்திப்பு தேவையில்லை, மனுவைப் பதிவாளரிடம் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டதாகக் கிருஷ்ணய்யரே பின்னர் சொல்லியிருக்கிறார். ஜூன் 23 அன்று பிரதமருக்காகப் பல்கிவாலாவும், வழக்குத் தொடுத்த ராஜ் நாராயணுக்காகச் சாந்தி பூஷணும் வாதாடினார்கள். பல்கிவாலா கேட்டது நிபந்தனை இல்லாத முழுத் தடை.

மறுநாள் வந்த உத்தரவு இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்தவில்லை. பிரதமராகத் தொடரலாம், அவைக்கு வரலாம், பேசலாம், உறுப்பினர் இடம் பறிபோகாதிருக்க வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம். ஆனால் எம்.பி.யாக வாக்களிக்கக் கூடாது, எம்.பி. சம்பளமும் கிடையாது. எதிர்க்கட்சிகள் இதையே பிடித்துக்கொண்டு ராஜினாமா கேட்டன. ஜூன் 25 மாலை ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் கூட்டம். அன்று இரவே நெருக்கடி நிலை. பல்கிவாலா வழக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சட்டம் கடுமையாக இருக்கிறது என்பதற்காக நீதிமன்றம் அதை வளைக்க முடியாது, மாற்ற வேண்டியது சட்டமன்றத்தின் பொறுப்பு என்ற கருத்தையும் அந்த உத்தரவில் அவர் எழுதியிருந்தார். சட்டமியற்றும் அவைகளின் மேல் பழைய உறுப்பினருக்கு இருந்த நம்பிக்கை அது. நாடாளுமன்றம் அதைக் கேட்டுக்கொண்டது போலவே இருந்தது, ஆனால் எப்படிக் கேட்டுக்கொண்டது? ஆகஸ்டில், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருக்க, இந்திராவுக்கு எதிரான காரணங்களையெல்லாம் முன்தேதியிட்டு அழிக்கும் திருத்தத்தை நிறைவேற்றிக்கொடுத்தது. கிருஷ்ணய்யரின் உத்தரவு நேர்மையானது, துணிச்சலானதும்கூட. ஆனால் கோழை நீதிபதி என்று ஒரு பக்கமும், பிரதமரை அவமானப்படுத்தியவர் என்று மறுபக்கமும் அன்று திட்டு வாங்கினார். நெருக்கடி நிலையில் கைதானவர்களின் ஆட்கொணர்வு மனு வழக்கில் உட்கார்ந்த ஐவரில் அவர் இல்லை. உட்கார்ந்திருந்தால், தனியாக மாறுபட்ட நீதிபதி கன்னாவோடு நின்றிருப்பார் என்று அவருடைய அன்பர்கள் சொல்வார்கள். நடக்காததற்கு நாம் மதிப்பெண் போட வேண்டியதில்லை.

நெருக்கடி நிலை முடிந்த பிறகுள்ள மூன்றரை வருடம்தான் அவருடைய உச்சம். 1950-இல் மலபாரின் ஏ.கே. கோபாலன் தன் தடுப்புக் காவலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று கேட்பதற்கில்லை என்பது அந்தத் தீர்ப்பின் விளைவு. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் அந்தச் சுவர் இடிந்தபோது, இடித்தவர்களில் ஒருவர் அதே மலபாரின் வக்கீல். அடுத்து சுனில் பத்ரா வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதியான பத்ராவைத் திகார் சிறையில் தனிமையில் அடைத்திருந்தார்கள். சார்லஸ் சோப்ராஜுக்குக் காலில் இரும்புத் தளை. நீதிபதிகள் திகாருக்கே போய் நேரில் பார்த்தார்கள். சிறைக் கதவுக்குள் போனாலும் அடிப்படை உரிமை மனிதனை விட்டுப் போவதில்லை என்று தீர்ப்பானது. பத்ரா பிறகு இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைக் கடிதமாக எழுதி அனுப்ப, அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு இவற்றை விடவும் பிடித்தது மோத்தி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. உள்ளூர் மாஜிஸ்திரேட்டோ பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கிருஷ்ணய்யருக்கு வந்த கோபம் தீர்ப்பில் தெரிகிறது. பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ பிடிபட்ட ஒரு மலையாளியோ தமிழனோ அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்கிறார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விடச் சொன்னார். முன்சீப் கோர்ட் வாசலில் ஜாமீன்தாரருக்கு அலைந்த கட்சிக்காரனை அருகில் இருந்து பார்த்திராத ஒருவருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கு வந்தது. வீட்டு வாசலில் சாக்கடை ஓடுகிறது என்று ஜனங்கள் முறையிட, நிதி இல்லை என்றது நகராட்சி. காசில்லை என்பது சாக்கு அல்ல, கால்வாய் கட்டு என்றார் கிருஷ்ணய்யர். பட்ஜெட் பார்த்த அமைச்சருக்கு அந்தச் சாக்கின் எடை தெரியும்.

இனி மறுபக்கம். 1979-இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில், சமூகத்தின் பாதுகாப்புக்கே ஆபத்தானவனைத் தவிர வேறு கொலையாளிக்குத் தூக்கு கூடாது என்று எழுதினார். தூக்குத் தண்டனை செல்லும் என்று 1973-இல் ஐந்து நீதிபதிகள் சொன்னதை மூன்று பேர் அமர்வில் உட்கார்ந்துகொண்டு மாற்றி எழுதுவது சரியல்ல. கூடவே இருந்த நீதிபதி ஏ.பி. சென், இது நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை என்று மாறுபட்டார். தூக்குத் தண்டனையை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் அன்று சென் பக்கம்தான் நியாயம். கிருஷ்ணய்யர் நீதிமன்ற மேடையில் உட்கார்ந்து சட்டமன்ற வேலை பார்த்த இடம் அது. மறு வருடமே பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதைத் தள்ளி, அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டும் என்ற அளவுகோலை வைத்தது. அந்த அளவுகோலுக்குள்ளும் அவர் தள்ளிய தள்ளின் வேகம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், தொழில் தகராறுச் சட்டம் சொல்லும் ‘தொழில்’ என்பதற்குள் மருத்துவமனை, பல்கலைக்கழகம், மன்றங்கள் வரை கொண்டுவந்தார். பிடிக்காத நாடாளுமன்றம் 1982-இல் வரையறையைத் திருத்தியது. ஆனால் அந்தத் திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பை எந்த அரசும் வெளியிடவில்லை. சட்டமன்றம் போட்ட சட்டம் அலமாரியில் தூங்க, நீதிபதியின் விளக்கமே ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஆண்டது. அவருடைய ஆங்கிலமும் ஒரு தனிப் பிரச்சினை. அகராதி இல்லாமல் ஒரு பக்கம் தாண்ட முடியாது. ஏழைக்காக எழுதிய தீர்ப்பை ஏழையின் வக்கீலே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

ஓய்வுக்குச் சில நாள் முன்பு, 1980 நவம்பர் 11 அன்று, மாரு ராம் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்புக்குத் தமிழ்நாட்டில் பின்னாளில் வேலை இருந்தது. மன்னிப்பு வழங்கும் அதிகாரத்திலும் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவரே என்றது அது. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளை விடுவிக்க 2018-இல் தமிழ்நாடு அமைச்சரவை செய்த பரிந்துரையை ஆளுநர் வைத்துக்கொண்டே இருந்தபோது, 2022 மே 18 அன்று பேரறிவாளனை விடுவித்த உச்ச நீதிமன்றம் கையில் எடுத்த தீர்ப்புகளில் மாரு ராமும் ஒன்று.

ஓய்வு பெற்றதும் எர்ணாகுளத்தில் தங்கினார். 2014 டிசம்பர் 4 அன்று மறையும்வரை வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மனுவோடு யார் வந்தாலும் யாருக்காவது கடிதம் எழுதிக் கொடுத்தார். நடுவில் ஒரே ஒரு முறை தேர்தலுக்கும் திரும்பினார். 1987 குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளர். காங்கிரஸ் நிறுத்தியவர் ஆர். வெங்கட்ராமன். 1957-இல் கிருஷ்ணய்யர் கேரளத்தின் மின்சார அமைச்சராக இருந்தபோது, சென்னை மாநிலத்தில் தொழில் துறையைக் கவனித்தவர் வெங்கட்ராமன். முப்பது வருடம் கழித்து இருவரும் ராஷ்டிரபதி பவனுக்காக மோதினார்கள். வெங்கட்ராமனுக்கு 7,40,148 வாக்கு மதிப்பு, கிருஷ்ணய்யருக்கு 2,81,550.

(அடுத்த வாரம்: மாநிலங்களவையிலிருந்து கவுகாத்தி உயர் நீதிமன்றத்துக்கும், உச்ச நீதிமன்றத்திலிருந்து மறுபடி மாநிலங்களவைக்கும் போன பகருல் இஸ்லாம்)